மதில் ஒன்று, மண் மூன்று: க்ளோ து வூஜோ

மட்டக்களப்பின் படுவான்கரையில் வயல் செய்கிறவர்களுக்கு மேட்டுக்காணி, பள்ளக்காணி வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒரே வட்டை, ஒரே வாய்க்கால். ஆனாலும் வரம்புக்கு வரம்பு விளைச்சல் மாறும். பிரான்ஸின் பர்கண்டியில் இதே கதை ஒரு கல்மதிலுக்குள் பல நூற்றாண்டாக நடக்கிறது.

அது வைனுக்குத் திராட்சை விளையும் காணி, பெயர் க்ளோ து வூஜோ. ‘க்ளோ’ என்றால் மதில் கட்டிய தோட்டம். சுமார் 50 ஹெக்டேர். எங்கள் கணக்கில் 125 ஏக்கர். சிட்டோ மடத்துத் துறவிகள் 12ஆம் நூற்றாண்டு தொடங்கி, தானமாகவும் விலைக்கும் துண்டு துண்டாகச் சேர்த்தது. பிரெஞ்சுப் புரட்சியில் அரசு பறித்து 1791இல் விற்றது. 1889இல் வியாபாரிகள் பலர் பிரித்து வாங்கினார்கள். அதற்குமேல், பிள்ளைகளுக்குச் சமபங்கு என்ற நெப்போலியன் சட்டம். முதுசக் காணி எப்படிச் சிறுக்கும் என்பது தெரிந்ததுதானே: இன்று சுமார் 80 உரிமையாளர்கள், சிலருக்குச் சில வரிசைக் கொடி மட்டுமே.

மேற்பகுதியில் மண் 40 சென்ரிமீற்றர்தான், கீழே சுண்ணாம்புக்கல். தண்ணீர் நிற்காது, வேர் கல்வெடிப்புக்குள் இறங்கும். நடுவில் களி கலக்கிறது. அடியில், வீதியோரத்தில், ஒரு மீற்றர் ஆழத்துக்குக் களிதான். வீதி வரவர உயர்ந்ததால் வடிச்சலும் கெட்டுப்போனது.

நெல்லுக்குப் பள்ளத்து ஈரம் நல்லது, பினோ நுவார் திராட்சைக்கு வினை. அறுவடைக்கு முன் மழை பெய்தால் பழம் ஊதும், சாற்றுக்குத் தோலின் பங்கு குறையும். நிறமும் துவர்ப்பும் தோலில் இருப்பதால் வைன் வெளிறிவிடும். இந்த இனத்தின் குலையும் நெருக்கமானது. ஊதிய பழம் ஒன்றையொன்று நெரித்து வெடிக்க, சாம்பல் பூஞ்சணம் புகுந்துவிடும். வசந்தகால உறைபனியும் பள்ளத்தில்தான் தங்கும். அதனால் அங்கே கொடி வைத்திருப்பவர் வடிகால் வெட்டி, பிஞ்சுக்குலை குறைத்து, அழுகலைக் கையால் பொறுக்க வேண்டும். கடும் வரட்சி வருடத்தில் மட்டும் அந்தக் களி கைகொடுக்கும்.

சட்டமோ மதிலைத்தான் பார்த்தது: 1937இல் முழுக் காணிக்கும் க்ரான் க்ரூ, அதாவது உச்சத் தரம். அடிப்படை விளைச்சல் வரம்பு ஹெக்டேருக்கு 3,500 லீற்றர், 4,600 போத்தல் அளவு. துறவிகள் மேட்டு வைனைப் பாப்பரசருக்கு ஒதுக்கினார்கள் என்பது கேட்க நல்ல கதை, அவ்வளவுதான்.

வாங்குகிறவர் லேபிளில் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, தயாரித்தவர் யார், அவர் துண்டு எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். ‘க்ரான் மோபெர்த்துயி’ என்று துண்டின் பெயரையே போடுகிறவர்களும் உண்டு, அது மேற்பகுதி.

இளசில் இறுகிக் கிடக்கும் வைன் இது. பத்து வருடம் தாங்கும், 12 பாகைக் குளிரில் படுக்க வைத்தால். மட்டக்களப்புச் சித்திரை வெக்கையில் குசினி அலுமாரிக்குள் வைத்தால் அந்த வருடமே அவித்த பழம்போல மணக்கும்.