ஃபார்ச்சூன்: அதிர்ஷ்டம் எப்போது சொத்தானது?

ஆங்கிலத்தில் ஃபார்ச்சூன் என்றால் அதிர்ஷ்டம், பெரும் சொத்துக்கும் அதே பேர்தான். இரண்டும் ஒன்றாகவே பிறந்த மாதிரி தோன்றும், ஆனால் சொத்து என்கிற பொருள் ரொம்பப் பிந்தி வந்து ஒட்டிக்கொண்டது.

லத்தீனில் 'ஃபெர்ரே' என்றால் கொண்டுவருவது. அதோடு சேர்த்துச் சொல்லப்படும் 'ஃபோர்ஸ்' என்றால் தற்செயல், அதிலிருந்து 'ஃபோர்ட்டூனா'. வந்து சேர்வது எதுவோ அது, அவ்வளவுதான். நல்லதா கெட்டதா என்பது சொல்லுக்குள் கிடையாது. ரோமானியர்கள் ஃபோர்ட்டூனாவைப் பெண் தெய்வமாக்கிவிட்டார்கள், ஜூன் 24 அவளுக்குத் திருவிழா. சிலைகளில் ஒரு கையில் பழங்கள் வழியும் கொம்பும் இன்னொரு கையில் கப்பல் சுக்கானும் இருக்கும். கொம்புதான் எல்லோர் கண்ணிலும் படும், ஆனால் விஷயமே அந்தச் சுக்கானில் இருக்கிறது என்பேன்: கப்பல் நம்முடையது, திருப்புகிறவள் அவள். ரோமுக்குக் கிழக்கே பிரெனெஸ்தேயில் இருந்த அவள் கோயிலில், எழுத்து பொறித்த ஓக் மரத்துண்டுகளிலிருந்து ஒரு சிறுவன் ஒன்றை எடுத்துத் தருவான், வந்தவருக்கு அதுதான் குறி.

அப்புறம் சக்கரம். பெரிய பதவியில் இருந்த ரோமானியத் தத்துவ அறிஞர் போயித்தியஸ் ராஜதுரோகக் குற்றச்சாட்டில் சிக்கி, 524 வாக்கில் மரண தண்டனையை எதிர்பார்த்துச் சிறையில் கிடந்தபோது ஒரு நூல் எழுதினார். அதில் ஃபோர்ட்டூனா வாதாடுகிற மாதிரி ஓர் இடம் உண்டு: சக்கரத்தைச் சுற்றுவது என் விளையாட்டு, வேண்டுமானால் ஏறிக்கொள், இறக்கிவிடும்போது புலம்பாதே என்று. கொஞ்சமும் இரக்கமில்லை, ஆனால் பேச்சில் ஓட்டையும் இல்லை! பின்னாளில் அந்த நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்களில் கவிஞர் சாசரும் ஒருவர்.

பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்த இந்தச் சொல், சொத்து என்ற பொருளைப் பிடித்துக்கொண்டது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். குறி சொல்கிறவரை ஃபார்ச்சூன் டெல்லர் என்பது பழைய பொருள். பணக்கார இடமாகப் பார்த்துக் கல்யாணம் பண்ணத் திரிகிறவன் ஃபார்ச்சூன் ஹன்டர், அது புதுசு. 1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை குப்புற விழுந்தது, 1930 பிப்ரவரியில் ஹென்றி லூஸ் ஃபார்ச்சூன் என்ற பேரில் வணிகப் பத்திரிகை தொடங்கினார். 1955 முதல் வருகிற அதன் 500 பெரிய அமெரிக்கக் கம்பெனிகளின் பட்டியலில் இடம்பிடித்தவர்கள் எல்லாம் உழைப்பு, திறமை என்றுதான் பேசுவார்கள், பட்டியலின் பேரோ தற்செயல்.

இதே சொல் மத்தியதரைக்கடல் மாலுமிகள் வாயில் வேறு பக்கம் போனது. பழைய இத்தாலியனில் அதற்குக் கடல்புயல் என்றும் பொருள். துருக்கியில் இன்றைக்கும் புயலுக்குப் பேர் ஃபிர்தினா, அந்த ஊர் வானிலை அறிக்கையில் அதைக் கேட்டுவிட்டுப் பணம் வரப்போகிறது என்று யாரும் படகை எடுக்க மாட்டார்கள்.