தமிழ்வழிப் பிள்ளைகளும் எட்டாம் வகுப்பு உதவித்தொகையும்

கேரளத்தில் மூணாறு, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் எட்டாவது படிக்கும் பிள்ளை இருந்தால், மத்திய அரசின் உதவித்தொகைக்கான என்எம்எம்எஸ் தேர்வை விட்டுவிடாதீர்கள். தேறினால் ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை வருடம் 12,000 ரூபாய். அரசுப் பள்ளி, எய்டட் (அரசு உதவி பெறும்) பள்ளி மாணவர்கள் எழுதலாம். பெற்றோர் வருமானம் வருடம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கணும், ஏழாவதில் 55 சதவீதம் வேணும். மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடத்துக்கு 90.

தேர்வைவிடக் காகிதம்தான் காலை வாரும். வருமானச் சான்றிதழுக்குக் கேரள அரசின் இ-சேவை மையமான அக்ஷயா மையத்தில் விண்ணப்பித்தால் வில்லேஜ் ஆபீசர் தருவார். கடைசி வாரம் போய் நிற்காதீர்கள். ஆதாரில் ‘கார்த்திகா மு’, பள்ளிப் பதிவேட்டில் ‘மு. கார்த்திகா’, பேங்க் பாஸ்புக்கில் ‘கார்த்திகா முருகன்’ என்று இருந்தால் பணம் தொங்கும். நம் இனிஷியல் பழக்கத்தால் வரும் வினை இது! மூன்றையும் முதலில் ஒன்றாக்குங்கள்.

எஸ்சி பிள்ளைகளுக்கு ஏழாவதில் 55 சதவீதம் என்பது 50 ஆகும். ஆனால் தோட்டக் குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழே பெரும்பாடு. 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே முன்னோர் கேரளப் பகுதியில் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவருக்குப் பட்டா எங்கே இருக்கும்? தாத்தாவின் பழைய தோட்டப் பதிவு, பள்ளி அட்மிஷன் பதிவு ஏதாவது கிடைக்கிறதா என்று ஏழாவதிலேயே தேடத் தொடங்குங்கள்.

தேறியபின் தேசிய உதவித்தொகை போர்ட்டலில் பதியணும், வருடாவருடம் புதுப்பிக்கணும். பள்ளி சரிபார்த்து மேலே அனுப்பியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.