பதில் எழுதும் முன் கீசர்

ஊட்டியில் நடுத்தர ஓட்டல் ஒன்றில் ஃப்ரன்ட் ஆபீஸ் பார்க்கிறேன். கூகுள் ரிவ்யூக்களுக்குப் பதில் எழுதுவதும் என் பொறுப்பு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஈர வாடை, சில்லிட்ட மெத்தை, சூடேறாத சோலார் தண்ணீர் என்று குறைகள் வரிசை கட்டும். பெரும்பாலும் அவை உண்மைதான்.

‘தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம், மீண்டும் வருக’ என்று எல்லாருக்கும் ஒரே வரியை ஒட்டும் பழக்கம் பல ஓட்டல்களில் உண்டு. ரூம் போட நினைப்பவர் வரிசையாகப் படித்துக்கொண்டே போகிறார். எல்லாவற்றுக்கும் அதே பதில் என்றால், இங்கே புகாரை யாரும் காதில் வாங்குவதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

கைக்குழந்தையோடு தங்கிய ஒருவர், காலை ஏழு மணிக்கும் வெந்நீர் வரவில்லை என்று ஒரு ஸ்டார் கொடுத்திருந்தார். “டேங்க்ல தண்ணி சூடாத்தான் இருந்துச்சுன்னு எழுதிடு” என்றார் முதலாளி. டேங்கில் சூடாகத்தான் இருந்தது. ஆனால் மேல்மாடிக் கடைசி அறைகளில் பைப்பில் நின்ற பச்சைத்தண்ணீர் பக்கெட் பக்கெட்டாகப் போன பிறகும் வெதுவெதுப்பாகத்தான் வந்தது. முதலாளியை அழைத்துப்போய்க் குழாயைத் திறந்து காட்டினேன். அந்த அறைகளுக்குத் தனி கீசர் வந்தது. அப்புறம்தான், ‘நீங்கள் சொன்னது சரி, கடைசி அறைகளுக்கு வெந்நீர் வரவில்லை. இப்போது கீசர் மாட்டிவிட்டோம். குழந்தையோடு சிரமப்பட்டதற்கு மன்னியுங்கள்’ என்று எழுதினேன். அவர் ஸ்டாரை மாற்றவில்லை. ஆனால் போனில் ரூம் கேட்பவர்கள் “கீசர் வச்ச ரூம் கிடைக்குமா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

டேவிடே ப்ரொசெர்பியோ, யோர்கோஸ் செர்வாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ட்ரிப்அட்வைசர் என்ற பயண ரிவ்யூ தளத்தை வைத்து 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பதில் எழுதத் தொடங்கிய ஓட்டல்களுக்குச் சராசரி மதிப்பீடு 0.12 ஸ்டார் கூடியது. மோசமான ரிவ்யூக்கள் குறைந்தன, ஆனால் நீளமாயின. எனக்கு அந்த நீளம்தான் பிடித்திருக்கிறது. படிக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் மனிதர் விவரமாகக் குறை சொல்வார். அப்படிச் சொன்னால்தான் பிளம்பரிடம் எந்தக் குழாய் என்று காட்ட முடியும். 2014இல் இங்கிலாந்தின் பிளாக்பூலில் ஓர் ஓட்டல், மோசமாக எழுதிய தம்பதியிடம் 100 பவுண்டு அபராதம் பிடித்துச் செய்தியானது. இப்படி நடந்தால் விருந்தினர் எப்படி வாய் திறப்பார்?

ஈர வாடைக்குத்தான் வழியில்லை. ஜூலையில் அது இருக்கும் என்றே பதிலில் எழுதுகிறேன், ஹீட்டர் கேட்டு வாங்கிக்கொள்ளவும் சொல்கிறேன். முன்பு ஹீட்டருக்குத் தனிக் காசு வாங்கினோம். இந்த மழையிலிருந்து வாங்குவதில்லை.