சாசரின் பாவமன்னிப்பு வியாபாரி
லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கக் கணக்கைப் பல ஆண்டுகள் கவனித்த ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர், 1400இல் இறக்கும்வரை முடிக்காமலே விட்டுச்சென்ற கேன்டர்பரிக்கு யாத்திரை போகிறவர்கள் வழியில் சொல்லும் கதைகளான ‘கேன்டர்பரி கதைகள்’ நூலில், பாவமன்னிப்புச் சீட்டு விற்பவனுக்கு இணையான பாத்திரம் வேறில்லை என்பேன். தலையணை உறையை மரியன்னையின் முக்காடு என்று காட்டிக் காசு பறிக்கும் அவன், தான் பிரசங்கம் செய்வதே பணத்துக்காகத்தான் என்று சக யாத்திரிகர்களிடம் கூச்சமின்றி ஒப்புக்கொள்கிறான். அதன்பின் பேராசைக்கு எதிராக அவன் சொல்லும் கதையோ அபாரம்: மரணத்தையே கொல்லப் புறப்பட்ட மூன்று குடிகாரர்கள் மரத்தடியில் பொற்காசுக் குவியலைக் கண்டு, பங்கு குறையக்கூடாதென்று இருவர் கத்தியாலும் ஒருவன் மதுவில் கலந்த நஞ்சாலுமாக ஒருவரையொருவர் தீர்த்துக்கட்டுகிறார்கள். கதை முடிந்த கையோடு, யாத்திரிகர்களோடு வரும் விடுதிக்காரரிடமே பணப்பையைத் திறக்கச் சொல்கிறான். அவர் கொடுத்த பதில் இங்கே எழுதத் தகுந்ததன்று.