2024-க்குப் பிறகு சம்பளம் யார் கொடுப்பது?

கொரோனா நிவாரணப் பணத்துக்கு எங்கள் சார்ட்டர் பள்ளி விண்ணப்பம் எழுதிய கதை இது. அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளி என்றதும் நம்மவர்கள் பலரும் தனியார் பள்ளி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிதான். கட்டணம் கிடையாது, இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வந்தால் குலுக்கல். நிர்வாகம் மட்டும் தனிக் குழு ஒன்றின் கையில். நம்மூர் அரசு உதவி பெறும் பள்ளியை நினைத்துக்கொண்டால் பாதி புரியும். மீதிப் பாதி, உரிமம் நிரந்தரமில்லை என்பது. நான் வேலை பார்க்கும் நியூ ஜெர்சியில் முதலில் 4 ஆண்டுக்குக் கொடுப்பார்கள், அப்புறம் 5 ஆண்டுக்கு ஒருமுறை மாநிலக் கல்வித் துறை பரிசீலித்துப் புதுப்பிக்க வேண்டும்.

இங்கே ஒவ்வொரு சார்ட்டர் பள்ளியும் சட்டப்படி தனிக் கல்வி மாவட்டம் (ஓர் ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) போலத்தான். சில நூறு பிள்ளைகள் படிக்கும் எங்கள் பள்ளியும், பல்லாயிரம் பிள்ளைகள் படிக்கும், மாநிலத்தின் பெரிய நகரமான நெவார்க்கின் மாவட்டமும் மத்திய அரசு மானியத்துக்கு நிரப்புவது ஒரே விண்ணப்பம். பெரிய மாவட்டங்களில் இதற்கென்று ஆட்கள் இருப்பார்கள். எங்களிடம் நிதி நிர்வாகி, நான், நேரம் கிடைத்தால் வந்து உட்காரும் பிரின்சிபல், அவ்வளவுதான்.

கொரோனா நிவாரணம் பள்ளிகளுக்கு மூன்று தடவையாக வந்தது. 2020 மார்ச்சில் கேர்ஸ் சட்டம் வழியாகச் சுமார் 1,320 கோடி டாலர், அதே ஆண்டு டிசம்பரில் 5,430 கோடி, 2021 மார்ச்சில் அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டத்தில் ஏறக்குறைய 12,200 கோடி. எங்கள் பேச்சில் எஸ்ஸர் (பள்ளிகளுக்கான அவசர நிவாரண நிதியின் ஆங்கிலச் சுருக்கம்) ஒன்று, இரண்டு, மூன்று. முதலாவது க்ரோம்புக், ஹாட்ஸ்பாட், கிருமிநாசினி என்று கரைந்துவிட்டது. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. (சில சார்ட்டர் பள்ளிகள் அப்போது, நாங்கள் லாப நோக்கமற்ற தனி அமைப்பு என்று சொல்லி, சிறு தொழில்களுக்கான சம்பளக் கடனையும் வாங்கின. அரசுப் பள்ளி என்று ஒரு பக்கமும் தனி அமைப்பு என்று இன்னொரு பக்கமும் கை நீட்டலாமா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எங்கள் குழு அந்தப் பக்கம் போகவில்லை.) மூன்றாவது எஸ்ஸர்தான் எங்களை உட்கார வைத்தது.

விண்ணப்பம் என்றாலும் இது போட்டி இல்லை. ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து வரும் டைட்டில் ஒன் நிதியில் ஒரு பள்ளிக்கு என்ன பங்கோ, அந்த விகிதத்தில் தொகை முன்பே முடிவாகிவிடும். மாநிலம் குறைந்தது 90 சதவீதத்தை அப்படியே பள்ளிகளுக்குப் பிரித்துத் தர வேண்டியிருந்தது. ஆக, உருக்கமாக எழுதி ஒரு டாலர்கூட அதிகம் வாங்க முடியாது. எதற்குச் செலவழிப்போம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் வேலை. இது புரியாமல் முதல் கூட்டத்துக்கு ஒருவர் பள்ளியின் துயரக் கதையைப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வந்தார். நல்ல எழுத்துதான், போட இடமில்லை.

ஆசிரியர்கள் கேட்டவற்றில் முதலில் நின்றது கவுன்சிலர், அதாவது பிள்ளைகளின் மனச்சுமையைக் கேட்டு உதவும் பள்ளி ஆலோசகர். பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிய பிறகு நிலைமை எப்படி இருந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். யாரும் மறுத்துப் பேசவில்லை. நிர்வாகக் குழுவின் பொருளாளர் மட்டும் ஒன்று கேட்டார்: "சரி, 2024 செப்டம்பருக்கு அப்புறம் இவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது?" மூன்றாவது எஸ்ஸர் பணத்தை எதற்கென்று ஒதுக்கி முடிக்க வேண்டிய கடைசி நாள் 2024 செப்டம்பர் 30. விண்ணப்பத்தில் எத்தனையோ கேள்விகள் இருந்தன. இதை எங்கும் கேட்கவில்லை. அதனாலேயே, அதற்குப் பதில் சொல்லாமல் எந்தச் செலவையும் ஏற்றக்கூடாது என்று எங்களுக்குள் வைத்துக்கொண்டோம்.

கவுன்சிலர் கணக்கு நினைத்ததைவிடப் பெரிதாகவும் வந்தது. நியூ ஜெர்சியில் ஆசிரியர்களின் ஓய்வூதியப் பங்கையும் சோஷியல் செக்யூரிட்டி (மத்திய அரசின் முதியோர் காப்பீடு) பங்கையும் வழக்கமாக மாநிலமே கட்டிவிடும். ஆனால் சம்பளம் மத்திய அரசு மானியத்திலிருந்து போனால், அந்தத் தொகையைப் பள்ளி மாநிலத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். அதே ஆள், அதே சம்பளம், எந்தக் கணக்கில் ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்துச் செலவு மாறும். புதிதாக வருபவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். பட்ஜெட் படிவத்தில் 200-100 என்ற வரியில் சம்பளத்தைப் போட்டுவிட்டு 200-200 வரியில் ஓய்வூதியம் போன்ற சலுகைகளின் செலவைக் குறைவாகப் போட்டால், பின்னால் பள்ளியின் பொதுக் கணக்கில்தான் துண்டு விழும்.

காற்றோட்டம் அடுத்த தலைவலி. எங்கள் கட்டடம் வாடகை. பழைய கட்டடம், ஜன்னல்களில் பாதி திறக்காது. காற்றோட்டத்தைச் சீர்செய்ய இந்தப் பணத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் கட்டட வேலை என்றால் மாநிலத்திடம் முன் அனுமதி, 2,000 டாலரைத் தாண்டிய கட்டுமான ஒப்பந்தமென்றால் டேவிஸ்-பேகன் சட்டப்படி தொழிலாளர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட கூலி, வாராவாரம் கூலிப் பட்டியல். எல்லாம் செய்து முடித்தாலும் மேம்படுவது வீட்டுக்காரரின் சொத்து. கடைசியில் வகுப்புக்கு ஒன்றாக நடமாடும் காற்றுச் சுத்திகரிப்பான்கள் வாங்கினோம். ஒன்றின் விலை, மத்திய அரசு விதியில் அப்போது இருந்த 5,000 டாலர் வரம்புக்கு எவ்வளவோ கீழே, அதனால் உபகரணக் கணக்கில் வரவில்லை, சாதாரணப் பொருள் கணக்கிலேயே அடங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு எது நல்லது என்று கேட்டால் கட்டடத்தையே சரிசெய்வதுதான். இது நாங்கள் தாங்கக்கூடிய பதில்.

நிதியில் குறைந்தது 20 சதவீதத்தைக் கற்றல் இழப்பை ஈடுகட்ட ஒதுக்கியே ஆக வேண்டியிருந்தது. 10 லட்சம் வந்தால் 2 லட்சம். அதுவும் ஆய்வு ஆதாரம் உள்ள வழிமுறையாக இருக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு நாட்டிலுள்ள டியூஷன் கம்பெனிகள் எல்லாம் மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கின. ஒரு கையேட்டில் "ஆய்வு அடிப்படையிலானது" என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. எந்த ஆய்வு, எந்த வகுப்புப் பிள்ளைகள், எத்தனை வாரம் என்று கேட்டதற்கு வந்தது இன்னொரு கையேடு, இன்னும் வழவழப்பான தாளில். சட்டம் ஆதாரத்தை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. மேல்படியில் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு. கீழ்ப்படியில் இது பலன் தரும் என்று நம்பத் தகுந்த காரணம் இருந்தாலே போதும். விற்பவர்கள் கீழ்ப்படியில் நின்றுகொண்டு மேல்படியின் குரலில் பேசுவார்கள்.

நல்ல ஆதாரம் இருந்தது நெருக்கமான டியூஷனுக்குத்தான்: மூன்று நான்கு பிள்ளைகள், ஒரே ஆசிரியர், வாரத்துக்கு மூன்று முறையாவது, பள்ளி நேரத்துக்குள்ளேயே. எழுதுவது சுலபம். பள்ளி நேரத்துக்குள் என்றால் எந்தப் பாடவேளையிலிருந்து எடுப்பது? ஓவிய ஆசிரியர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. விண்ணப்பத்தில் நாலு வரியில் முடிந்த விஷயத்துக்குக் கால அட்டவணையையே கலைத்துப் போட வேண்டியிருந்தது. எங்களுக்கும் பக்கத்துப் பள்ளிகளுக்கும் ஒரே சமயத்தில் டியூட்டர்கள் தேவைப்பட்டதால், ஆள் கிடைப்பது தனிப் பாடு.

பெற்றோரிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பதும் விதியாக இருந்தது. திட்டத்தை அவர்களுக்குப் புரியும் மொழியில், முடிந்தவரை, தர வேண்டும். பள்ளியை மறுபடி திறக்கும் திட்டத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது திருத்திப் பார்க்க வேண்டியிருந்தது. பல பள்ளிகளில் இது சடங்கு. சம வாய்ப்பு பற்றி எழுதித் தரும் உறுதிமொழிப் பத்தி போலத்தான். அதைப் போன வருட விண்ணப்பத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டாதவர்கள் குறைவு. ஆனால் ஸ்பானிஷ் படிவத்தில் ஒரு தாய் எழுதியிருந்தார்: டேப்லெட் வேண்டாம், நான் வேலை முடிந்து வரும்வரை, ஆறு மணிவரைக்கும் பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள். அதே தொனியில் இன்னும் பல. மாலை வகுப்பு என்ற வரி எங்கள் பட்ஜெட்டுக்குள் வந்தது அப்படித்தான்.

பணம் முன்கூட்டி வராது. நாம் செலவழித்து, ரசீது காட்டி, பிறகு கேட்க வேண்டும். சம்பளம் மாதம் இருமுறை. மாநிலத்திலிருந்து பணம் வருவது அதற்கு எப்போதோ பின்னால். கையிருப்பு குறைவான சின்னப் பள்ளிக்கு இது மூச்சு முட்டும். அதனால் எங்கள் நிதி நிர்வாகி எதையும் தள்ளிப்போட விடாமல், மாதாமாதம் கணக்கு அனுப்பிவிடுவார். அந்தக் கண்டிப்பின் அருமை பிறகு தெரிந்தது. பணத்தைக் கேட்டுப் பெற மேலும் அவகாசம் பெற்றிருந்த மாநிலங்களுக்கு, அந்த அவகாசம் அன்றோடு முடிந்தது என்று 2025 மார்ச் 28 அன்று மத்தியக் கல்வித் துறை கடிதம் அனுப்பியது. சில மாநிலங்கள் நீதிமன்றம் போயின. எங்களுக்கு அப்போது வர வேண்டிய பாக்கி ஏதுமில்லை.

டியூஷன் 2024 கோடையோடு நின்றது. அது நிற்கும் என்று தெரிந்தேதான் தொடங்கினோம். மாலை வகுப்பு வாரத்தில் மூன்று நாளாகச் சுருங்கியது. கவுன்சிலர் இருக்கிறார். அவர் சம்பளத்தை வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம் பொதுக் கணக்குக்கு நகர்த்துவது என்று பொருளாளர் 2021-லேயே ஒரு தாளில் போட்டு வைத்திருந்தார். அந்தத் தாள் விண்ணப்பத்தோடு போகவில்லை. அதை இணைக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.