ஆல்பாவுக்குள் குடியிருக்கும் டெல்டா

நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை ரத்த அணுக்களில் ஒரு வகை டி செல்; கிருமியை அடையாளம் காண அதன் மேற்பரப்பில் இருக்கும் புரதம்தான் ஏற்பி. அந்த ஏற்பிக்கான ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா என்ற நான்கு மரபணுக்களில் எனக்கு மிகப் பிடித்தது டெல்டா. பீட்டாவும் காமாவும் 7ஆம் குரோமோசோமில், ஆளுக்கொரு கையில் (குரோமோசோமின் இரு பகுதிகளைக் கை என்பார்கள்). டெல்டாவுக்கோ தனி இடமே இல்லை. 14ஆம் குரோமோசோமின் நீளக் கையில், ஆல்பா மரபணுவை உருவாக்க ஒன்றுசேரும் வி, ஜே என்ற இரு வகை டிஎன்ஏ துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் யூ-சியு சியென் குழு 1987இல் இதை வெளியிட்டது.

வகுப்பில் இதைக் கரும்பலகையில் நீளமாக வரைவேன். ஆல்பாவின் ஒரு வி, 61 ஜே துண்டுகளில் ஒன்றோடு சேரும்போது, இடையில் இருக்கும் டெல்டா முழுவதும் வெட்டுப்பட்டுப் போகும். அந்தக் குரோமோசோமில் அதற்குப் பிறகு டெல்டா கிடையாது.

வெட்டுப்பட்ட டிஎன்ஏ வளையமாகச் சுருண்டு செல்லுக்குள்ளேயே தங்கும். செல் பிரிந்தாலும் அது பெருகாது. ஆகவே, வளையங்கள் நிறைய இருந்தால், டி செல்கள் முதிரும் மார்பு உறுப்பான தைமஸ் புது டி செல்களை அனுப்புகிறது என்று பொருள். பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் இதை அளக்கலாம். பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தச் சோதனையை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2008இல் தொடங்கியது. வளையங்கள் இல்லையென்றால் கடுமையான நோய் எதிர்ப்புக் குறைபாட்டைச் சந்தேகித்து, தொற்று வருமுன்பே எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு ஏற்பாடு செய்யலாம். இந்தச் சோதனை எல்லாப் பிரசவ ஆஸ்பத்திரிகளுக்கும் வர வேண்டும்.