கிழமைக்கூத்துச் சனிக்கிழமைகள்

1974ஆம் ஆண்டு பெரும்போக வேளாண்மை வெட்டிச் சூடடித்து, நெல் வீடு வந்து சேர்ந்த பின், பங்குனி மாதத்து மாலையொன்றில் எமது பாடசாலைக்குப் பின்னால் இருந்த கோயில் வெளியில் ஊர் கூடியது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவன். அன்று நடந்தது சட்டம் கொடுத்தல். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இம்மலரைப் புரட்டப்போகும் எமது பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் எந்தக் கூத்தை ஆடுவது என்று முடிவு செய்ததும், கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஒவ்வொருவரது குரலையும் உடற்கட்டையும் நடையையும் பார்த்து, இன்னார்க்கு இன்ன பாத்திரம் என்று தீர்மானித்து, அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய சட்டத்தைச் சபை முன்னிலையில் கையில் கொடுப்பார். வெற்றிலை வைத்து அதை வாங்கியவர், அரங்கேற்றம் முடியும் வரை ஊரை விட்டு நெடுநாள் போவதில்லை என்பது எழுதாத ஒப்பந்தம்.

அந்த ஆண்டு ஆடியது பதினேழாம் போர். கர்ணன் விழும் நாளைப் பாடும் கூத்து; வடமோடி, தென்மோடி என்னும் இரு ஆட்ட மரபுகளில் வடமோடியைச் சேர்ந்தது. எனக்குக் கிடைத்தது சேவகன் வேடம். நான்கு பாட்டும் ஒரு பக்க வசனமும்தான். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவனுக்கு அதைவிடப் பெரிய வேடம் கிடைத்ததில் எனக்கு இருந்த மனத்தாங்கலை ஐம்பது ஆண்டுகள் கழித்து இங்கே ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. அவன் இம்மலரை வாசிப்பான் என்பதும் எனக்குத் தெரியும்.

அதன்பின் வந்த மாதங்கள்தாம் எனக்குக் கூத்தாக நினைவில் நிற்கின்றன. அரங்கேறிய இரவு மங்கிவிட்டது. பகலில் பாடசாலை, மாலையில் மாடு கட்டும் வேலை, இரவானதும் களரி என்னும் வட்டமான ஆட்டவெளி. முதலில் கால் பழக்கம். அண்ணாவியார் மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு, வாயால் தாளக்கட்டைச் சொல்லிச் சொல்லி எங்களை வட்டமாகச் சுற்ற வைப்பார். கால் தப்பினால் ஏசமாட்டார். பாட்டில் கவனம் வைத்து மத்தளத்தைக் கேட்காமல் விட்டால்தான் வாசிப்பதை நிறுத்துவார். “கால் தப்பினாக் காரியமில்ல மனே, மத்தளத்த விட்டுராத” என்று அவர் சொல்லும்போது, குரலில் கோபம் இருக்காது. அதனாலேயே கூடுதலாகக் கூச்சமாக இருக்கும்.

ஆட்டம் படிந்தவர்களுக்குச் சதங்கை அணிவித்தார்கள். தோல் வாரில் வரிசையாகத் தைத்த வெண்கல மணிகள். கணுக்காலுக்கு மேலே கட்டி நான்கு சுற்று ஆடியதும் தோல் உரிந்துவிடும். பழைய வேட்டித் துணியைக் கிழித்து அடியில் சுற்றிக்கொள்ளும் வழியை எனக்குக் காட்டித் தந்தவர், வகுப்பில் எங்களுக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர். அவரும் அந்தக் கூத்தில் ஆடினார். பகலில் பிரம்பு பிடித்தவர் இரவில் எங்களோடு வரிசையில் நின்று அண்ணாவியாரிடம் திருத்தம் வாங்கியதைப் பார்த்த பின், கணிதப் பாடத்தில்கூட எங்களுக்குப் பயம் குறைந்தது.

கிழமைக்கூத்து என்பது வாரத்தில் ஓரிரவு, பழகியவரைக்கும் ஊரார் முன்னிலையில் ஆடிக் காட்டுவது. எங்கள் ஊரில் அது சனிக்கிழமை. வேடம் இல்லை, உடுப்பு இல்லை; சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுவோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை வரும். அவ்வீட்டார் தேநீரும் அவித்த கச்சானும் கொண்டுவருவார்கள். பெண்கள் களரியில் ஆடாத காலம் அது. ஆனால் பாட்டு முழுவதும் அவர்களுக்கு மனப்பாடம். என் அம்மம்மா, சேவகனின் இரண்டாம் பாட்டில் நான் ஓரடியை விழுங்கியதை மறுநாள் காலை முற்றம் கூட்டிக்கொண்டே பாடிக் காட்டினார். விளக்குமாறு நிலத்தில் பட்ட இடங்களெல்லாம் சரியான தாளத்தில் இருந்தன. ஊரே இப்படிக் கண்காணித்ததால்தான் எழுத்தறியாத பலர் பல நூறு பாடல்களைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அரங்கேற்றத்துக்கு முந்தைய முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தலுக்கு அயலூர் அண்ணாவிமாரை அழைத்து, விடியும் வரை முழுக்கூத்தையும் ஆடிக் குறை கேட்டார்கள். அரங்கேற்றத்தன்று கர்ணன் கட்டிய, பாவாடைபோல் அகன்று விரியும் கரப்புடுப்பின் பிரம்பு வளையம் வாசலில் சிக்கியதும், அவரை இருவர் பக்கவாட்டில் திருப்பி வெளியே எடுத்ததும் தவிர, அந்த இரவில் வேறொன்றும் எனக்குத் துலக்கமாக நினைவில்லை.

நாங்கள் ஆடிய அதே கதை அதற்கு முன்பே பேராதனைக்குப் போயிருந்தது என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’ கூத்தைத் தயாரித்தார். தொடர்ந்து நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியவை வந்தன. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் பயிற்சியும் சி. மௌனகுரு போன்ற மாணவர்களின் ஆட்டமும் அம்முயற்சிக்குத் துணை நின்றன. இரவிரவாக ஆடும் கூத்து ஓரிரு மணி நேரத்துக்குள் சுருங்கி, நகர மண்டபங்களின் மேடைக்கு ஏறியது. படித்தவர்கள் ‘நாட்டான் ஆட்டம்’ என்று ஒதுக்கிய ஒன்றுக்கு அவர் மதிப்பை மீட்டுத் தந்தார், பெண்களும் ஆடினார்கள். அந்தக் கடனை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆயினும் ஓர் இழப்பும் அதில் உண்டு. வட்டக்களரியில் நான்கு பக்கமும் சனம் இருக்கும். ஆடுபவனுக்கு முதுகுப் பக்கம் என்று ஒன்று கிடையாது. படச்சட்ட மேடையில் அவன் முன்னால் இருப்பவரை மட்டும் பார்த்து ஆடவேண்டியவன் ஆகிறான். சுற்றி ஆடுவதற்கென்று பிறந்த ஆட்டம் அங்கே நேர்கோட்டுக்கு வந்துவிடுகிறது.

1978 கார்த்திகையில் அடித்த சூறாவளியில் கூத்துடுப்புப் பெட்டி நனைந்து, கிரீடங்களின் பூச்சு உரிந்தது. 1990க்குப் பின் போர்ச் சூழலில் இரவில் வெளிச்சம் போட்டு மத்தளம் அடிப்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியமாயிற்று. நான் அதற்கு முன்பே கடல் கடந்துவிட்டேன்.

2000களின் தொடக்கத்தில், மட்டக்களப்பு நகரை அண்டிய சீலாமுனைக் கிராமத்தில் சி. ஜெயசங்கரும் ‘மூன்றாவது கண்’ என்ற உள்ளூர் அறிவுச் செயற்பாட்டுக் குழுவினரும் ஊராரோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் என்ற வேலையைத் தொடங்கினார்கள். கூத்தை மேடைக்குக் கொண்டுபோகாமல் களரியிலேயே வைத்து, கதையில் பெண்களையும் சாதியையும் இழிவுபடுத்தும் அடிகளை ஊரே கூடிப் பேசி மாற்றிக்கொண்டார்கள் என்று வாசித்தபோது, எனக்கு எங்கள் சனிக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. பழையது அனைத்தும் புனிதம் என்று பேசும் என் வயதினர் பலருக்கு இந்த மாற்றங்கள் பிடிப்பதில்லை. எனக்குப் பிடிக்கும். பேசி மாற்றும் உரிமை ஊரிடம் இருப்பதால்தான் கூத்து ஊருடையதாக இருக்கிறது.

இதை எழுதுவதற்குக் காரணம் நாங்கள் விட்ட ஒரு பிழை. சில ஆண்டுகளுக்கு முன் ஊரில் கலைவிழா நடத்த இங்கிருந்து பணம் சேர்த்து அனுப்பினோம். சேர்த்தவர்களில் நானும் ஒருவன். பந்தல், ஒலிபெருக்கி, பொன்னாடை, காணொளிப் பதிவு என்று பணத்தில் பெரும்பகுதி கரைந்தது. கூத்துக்கு ஒதுக்கிய நேரம் இருபது நிமிடம். ஒலிவாங்கியைச் சுற்றி வர முடியாததால் பிள்ளைகள் ஒரே இடத்தில் நின்று ஆடினார்கள். காணொளியை இங்கே மண்டபத்தில் போட்டுக் கைதட்டினோம். மறுவாரம் அந்தப் பிள்ளைகளுக்குக் களரியும் இல்லை, அண்ணாவியாரும் இல்லை.

மறுமுறை ஊருக்குப் போனபோது மண்முனைத்துறையில் 2014இல் திறந்த பாலத்தால் வாவியைக் கடந்தேன். துறையில் பாதை என்னும் கடவைப் படகுக்குக் காத்திருக்கும் பழக்கம் போய்விட்டதால், அண்ணாவியாரின் பேரனை இலகுவில் கண்டுபிடிக்க முடிந்தது. அவர் கேட்டது ஒரு விழாவை அல்ல. “அஞ்சு மாசத்துக்குப் புள்ளயள்ட தேத்தண்ணிச் செலவும், வெளிச்சத்துக்குக் கரண்டுக் காசும் தந்தாப் போதும்” என்றார். தந்தோம். இந்தப் பங்குனியில் சட்டம் கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு பேரில் நால்வர் பெண்பிள்ளைகள், எல்லாரும் எமது பாடசாலையின் மேல் வகுப்புகளில் படிப்பவர்கள். கிழமைக்கூத்து மீண்டும் சனிக்கிழமைகளில் நடக்கிறது. மத்தளத்தின் இடந்தலைத் தோல் கிழிந்துவிட்டதாகவும், இரவல் மத்தளத்தில் சமாளிப்பதாகவும் நேற்று அழைத்துச் சொன்னார். வைகாசிக்குள் புதுத் தோல் போட்டு வார் இழுக்க வேண்டும். அதற்கான செலவைப் பகிர விரும்புவோர் எமது சங்கப் பொருளாளரிடம் பெயரைக் கொடுக்கலாம்.